கேஆர்பி (கிருஷ்ணகிரி) அணைத் தண்ணி பச்சையா வருது, டிஏபி உரத்தை குறைச்சுக்கலாமா? ஊர் ஏரிக்கும் ஒரு வழி சொல்லுங்க

தென்பெண்ணை_ஓரம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கிருஷ்ணகிரி அணைக்குக் கீழ இடதுபுறக் கால்வாய்ப் பாசனம் நமக்கு, ரெண்டு ஏக்கர் நெல்லு, மேட்டுல கொஞ்சம் மாவும் தென்னையும். கொஞ்ச வருஷமாவே அணையில ஷட்டர் தூக்குனா வர்ற தண்ணி பச்சைப் பெயிண்ட கரைச்சு விட்ட மாதிரி வருது, வாய்க்கா மடையில நின்னாலே நாத்தம் கொடலப் புடுங்குது, வயல்ல தண்ணி வத்துச்சுன்னா மண்ணு மேல ஒரு பச்சைத் தோலு ஒட்டிக்கிட்டு இருக்கு. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது.

கேட்டா பெங்களூரு சாக்கடை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரி வழியா தென்பெண்ணையில எறங்கி, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில நுரை கட்டி, அப்புறம் நம்ம அணைக்கு வருது, அதுல பாஸ்பரஸ் ஜாஸ்தி, அதான் பாசி புடிக்குதுன்னு சொல்றாங்க. சரி, நான் கேக்க வர்றது இதுதான். பாஸ்பரஸ்தான் டிஏபியில இருக்கறதும்? மூட்டை 1350 ரூபா, அதுவும் நடவு நேரத்துல கெடைக்கறதில்ல, கெடைச்சாலும் கூட வேற ஒரு டப்பாவை வாங்குனாத்தான் மூட்டைங்கறாங்க. தண்ணியிலயே ஓசியா வருதுன்னா நான் எதுக்கு காசு குடுத்து வாங்கணும்? குறைச்சுக்கலாமா இல்ல வெளைச்சல் அடி வாங்குமா?

இன்னொண்ணு, எங்க ஊர்ல சின்ன ஏரி ஒண்ணு இருக்கு, அது அணைப் பாசனம் இல்ல, ஊருச் சாக்கடை வந்து சேருது. முழுக்க ஆகாயத்தாமரை. ஜேசிபி வச்சு வாரி கரையில போட்டாங்க, அடுத்த மழைக்கே பழையபடி மூடிருச்சு. இப்ப ஒருத்தர் நுண்ணுயிர் பவுடராம், மண்ணு உருண்டையில கலந்து வீசுனா தண்ணி கண்ணாடி ஆயிரும்னு பஞ்சாயத்துல வந்து பேசிட்டுப் போயிருக்காரு. நம்பலாமா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

நக்கல்_நடராசு எழுதியது:

அந்த உருண்டைய ஊரு ஊருக்கு வீசிட்டாங்க ப்ரோ. வீசுற அன்னிக்கு போட்டோவுக்கு எம்எல்ஏ வருவாரு, ஆறு மாசம் கழிச்சு தாமரைதான் வரும். நுண்ணுயிர் சாப்பிட்டா பாஸ்பரஸ் எங்க போகும், அது செத்தா மறுபடி தண்ணிக்குத்தான?

அப்புறம் கெலவரப்பள்ளி நுரைக்கும் பாஸ்பரஸுக்கும் முடிச்சுப் போடாதீங்க, எல்லாரும் இதைக் குழப்பிக்கிறாங்க. நுரை வர்றது சோப்பு, டிடர்ஜென்ட்ல இருக்கற நுரைக்கற சரக்கால, கூட அழுகுற கழிவு சேர்ந்து மதகுல விழும்போது அடிச்சுக் கலக்குதுல்ல அதனால. பாஸ்பேட் நுரைக்காது, அது பாசிக்குச் சோறு. ரெண்டும் ஒரே சாக்கடையில வர்றதால ஒண்ணுன்னு நெனச்சுக்கறோம். நுரை நின்னுருச்சுன்னு அதிகாரி சொன்னா பாஸ்பரஸ் போயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, அத ஞாபகம் வச்சுக்கோங்க.

---

மண்பரிசோதனை_அக்கா எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. முன்னாடி மண் ஆய்வுக் கூடத்துல வேலை பாத்தேன், கணக்கு போட்டே காட்டறேன்.

ஒரு மூட்டை டிஏபி 50 கிலோ. அதுல 46 சதவீதம்னு போட்டிருப்பாங்க, அது பாஸ்பரஸ் இல்ல, பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கு. 23 கிலோ பென்டாக்சைடுன்னா சுத்தமான பாஸ்பரஸா சுமார் 10 கிலோ. ஆக ஒரு மூட்டை = 10 கிலோ பாஸ்பரஸ், இத மனசுல வச்சுக்கோங்க.

இப்ப தண்ணி. நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1200 மில்லிமீட்டர் தண்ணின்னு வச்சா ஏக்கருக்கு சுமார் 4,850 கன மீட்டர் வருது. அந்தத் தண்ணியில லிட்டருக்கு 1 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்துச்சுன்னு வச்சுக்குவோம், இருக்குன்னு சொல்லல, வச்சுக்குவோம், அப்ப ஏக்கருக்கு 4.8 கிலோ பாஸ்பரஸ் எறங்குது. அதாவது அரை மூட்டை டிஏபி. அரை மில்லிகிராம்னா கால் மூட்டை. மழைத் தண்ணி பங்கு, வடிகால்ல போறது எல்லாம் கழிச்சா இன்னும் கொஞ்சம் கொறையும். நெல்லுக்கு பல்கலைக்கழகப் பரிந்துரையே ரகத்தப் பொறுத்து ஹெக்டேருக்கு 40, 50 கிலோ பென்டாக்சைடுதான், ஏக்கருக்குப் பாத்தா 16 லேர்ந்து 20 கிலோ, ஒரு மூட்டைக்கும் கம்மி. நம்ம ஆளுங்க ரெண்டு மூட்டை கொட்றாங்க, பக்கத்து வயலு கருகருன்னு இருக்கேன்னு பாத்து இன்னும் அரை மூட்டை. அந்தக் கருப்பு டிஏபியில இருக்கற தழைச்சத்தால (நைட்ரஜன்) வர்றது, மணிச்சத்தால (பாஸ்பரஸ்) இல்ல.

அதனால குறைக்கலாமான்னா, ரெண்டு சீட்டு கையில இருந்தா குறைக்கலாம். ஒண்ணு மண் பரிசோதனை. ஆல்சன் முறையில மணிச்சத்து ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழ இருந்தா குறைவு, 11 லேர்ந்து 22 நடுத்தரம், 22க்கு மேல அதிகம். வருஷக் கணக்கா சாக்கடைத் தண்ணி பாயற வயல்ல நடுத்தரத்துக்குக் கீழ வந்தா எனக்கே ஆச்சரியமா இருக்கும். அதிகம்னு வந்தா அடியுரத்துல டிஏபியைப் பாதியாக்கி ஒரு வயல்ல மட்டும் ஒரு போகம் பாருங்க, மொத்தத்துலயும் கைவைக்காதீங்க. ரெண்டாவது தண்ணி ரிப்போர்ட், அதுல தழைச்சத்தும் சேர்த்து பாக்கணும். சாக்கடைத் தண்ணியில அமோனியா வரும், அது தெரியாம நீங்க யூரியாவும் வழக்கம்போல போட்டா பயிரு தளதளன்னு வளந்து, இலைச்சுருட்டுப் புழு, குலைநோய்னு எல்லாம் விருந்துக்கு வந்து, கடைசியில சாஞ்சுரும். டிஏபியில பாதி மூட்டையக் குறைச்சா அதோட நாலரை கிலோ தழைச்சத்தும் போகும், அதுக்கு ஈடா 10 கிலோ யூரியா போடணும்னு கடைக்காரர் சொல்வாரு, தண்ணியில அமோனியா இருந்தா அதுவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. மண்ணுல பாஸ்பரஸ் ஏறுனா துத்தநாகம் (ஜிங்க்) பயிருக்கு எட்டாது. நட்ட மூணாவது வாரம் நடு நரம்பு வெளுத்து இலையில துரு மாதிரி பழுப்புப் புள்ளி விழுந்தா டிஏபி பத்தலைன்னு இன்னும் கொட்டாதீங்க, அது ஜிங்க் குறை. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட், மணலோட கலந்து தனியா போடணும், டிஏபியோட சேக்கக் கூடாது.

---

தென்பெண்ணை_ஓரம் எழுதியது:

அக்கா ரொம்ப நன்றிங்க. ரெண்டு மூட்டை கொட்ற ஆளுங்க லிஸ்ட்ல எங்க வீட்டுப் பெரியவரும் உண்டு, அவருகிட்ட இத எப்படி சொல்றதுன்னுதான் தெரியல. ஒரு சந்தேகம், செம்மண்ணுல போட்ட மணிச்சத்து பூட்டிக்கும், பயிருக்கு கெடைக்காது, அதனாலதான் கூடப் போடணும்னு ஒரு கம்பெனி மீட்டிங்ல சொன்னாங்களே?

---

மண்பரிசோதனை_அக்கா எழுதியது:

பூட்டிக்கறது உண்மை. செம்மண்ணுல இரும்பும் அலுமினியமும் புடிச்சு வச்சுக்கும், சுண்ணாம்பு மண்ணா இருந்தா கால்சியம் புடிச்சு வச்சுக்கும். போட்டதுல அந்தப் போகத்துக்கு 15, 20 சதவீதம், மிஞ்சிப் போனா 25தான் பயிரு எடுக்கும். ஆனா மிச்சம் தொலைஞ்சு போகல, அங்கயேதான் இருக்கு, உங்க தாத்தா காலத்துலேர்ந்து போட்டதெல்லாம் பேங்க்ல கெடக்கு. கூடப் போடறதுக்குப் பதிலா அத எடுக்கற வழியத்தான் பாக்கணும், பாஸ்போபாக்டீரியா, தொழுவுரம், பசுந்தாள் எல்லாம் அதுக்குத்தான்.

நெல்லு வயல்ல தண்ணி கட்டுனவுடனே இது பாதி தானா நடக்குது. தண்ணி நின்னா மண்ணுல காத்து போயிரும், காத்து போனா இரும்பு வேற ரூபத்துக்கு மாறி தான் புடிச்சு வச்ச பாஸ்பேட்ட விட்டுரும், பயிரு எடுத்துக்கும். இதே வேலைதான் ஏரி அடியிலயும் நடக்குது, அங்க பயிருக்குப் பதிலா பாசி. உங்க ஊர் ஏரியில சாக்கடைய அடைச்சாலும் உடனே தெளியாததுக்கு இதுதான் காரணம், அடிச் சேறு வருஷக் கணக்கா விட்டுக்கிட்டே இருக்கும்.

---

எஸ்டிபி_நைட்_ஷிப்ட் எழுதியது:

நான் எழுதுனா அடிக்க வராதீங்க அண்ணா, நான் உங்களுக்கு மேல இருந்து தண்ணி விடற ஆளு. தருமபுரிக்காரன், பெங்களூருல சர்ஜாபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய அபார்ட்மெண்ட்ல எஸ்டிபி (சாக்கடையச் சுத்தம் பண்ற பிளான்ட்) ஆபரேட்டர்.

முதல்ல அளவு புரியணும். ஒரு ஆளு உடம்புலேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 1 லேர்ந்து 1.5 கிராம் பாஸ்பரஸ் வெளிய போகுது, பெரும்பங்கு மூத்திரத்துல. பெங்களூரு ஜனம் ஒரு கோடிக்கு மேல. ஆளுக்கு 1 கிராம்னு வச்சா கூட ஒரு நாளைக்கு 10 டன், அக்கா கணக்குப்படி தினம் 1000 மூட்டை டிஏபி. அந்தச் சாக்கடையில சுமார் 40 சதவீதம் பெல்லந்தூர் பக்கம்னு சொல்லுவாங்க. எல்லாம் உங்க அணை வரைக்கும் வந்து சேர்றதில்ல, கொஞ்சம் ஏரியில படியும், கொஞ்சம் எஸ்டிபி சேத்துல போகும், கொஞ்சம் கோலார் ஏரிங்களுக்கு பம்ப் பண்றாங்க 2018லேர்ந்து. ஆனா ஏன் பச்சையா வருதுன்னு இதுக்கு மேல கேக்க வேண்டாம்ல.

எஸ்டிபி இருந்தா பாஸ்பரஸ் போயிரும்னு ஜனங்க நெனக்கறாங்க. போகாது. வீட்டுச் சாக்கடை உள்ள வரும்போது லிட்டருக்கு 5 லேர்ந்து 10 மி.கி. இருக்கும். காத்து ஊதி பாக்டீரியா வளத்து அழுக்கத் திங்க வைக்கற சாதாரண பிளான்ட்ல அந்த பாக்டீரியா தன் உடம்புக்குத் தேவையானத மட்டும் எடுத்துக்கும், அதிகம் போனா கால்வாசி. மிச்சம் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கற தண்ணியில கரைஞ்சு வெளிய போகுது. கண்ணுக்கும் தெரியாது, மோந்தாலும் தெரியாது. பிஓடி (மக்குற அழுக்கு அளவு) பாஸ், டிஎஸ்எஸ் (கலங்கல் அளவு) பாஸ், ஏரியில விட்டா பச்சை. தழைச்சத்தையாவது பாக்டீரியா வச்சு காத்தா மாத்தி மேல அனுப்பிரலாம், பாஸ்பரஸுக்கு காத்து ரூபமே கெடையாது. தண்ணியில இருக்கும், இல்லன்னா சேத்துல இருக்கும், மூணாவது எடம் இல்ல. அதனால எந்த ஆளு எந்த டெக்னாலஜி கொண்டு வந்து காட்டுனாலும் நான் கேக்கறது ஒரே கேள்வி, கடைசியில அது எங்க போய் ஒக்காருது? அந்த உருண்டைக்காரர்கிட்டயும் இதையே கேளுங்க.

எடுக்க வழி ரெண்டு. ஒண்ணு கெமிக்கல், ஆலம் (படிகாரம்) இல்லன்னா ஃபெரிக் குளோரைடு. பாஸ்பேட்டப் புடிச்சு திரிதிரியா கீழ எறங்கும். 6 மி.கி.யை 1க்குக் கொண்டு வரணும்னா லிட்டருக்கு ஒரு 100 மி.கி. ஆலம் பிடிக்கும், 100 கேஎல்டி (நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர்) பிளான்ட்டுக்கு தினம் 10 கிலோ. ஆறு கண்ணாடி ஜாரு வச்சு ஒவ்வொண்ணுலயும் வேற வேற டோஸ் போட்டு பாக்கணும், கண்ணை மூடிட்டு ஊத்துனா பிஹெச் எறங்கி பயாலஜி படுத்துரும், சேறும் கூடும். இன்னொண்ணு பயாலஜிலயே பண்றது: முதல்ல காத்தே இல்லாத ஒரு டேங்க், அங்க ஒரு வகை பாக்டீரியா சாக்கடையில இருக்கற சாப்பாட்ட உள்ள இழுக்கறதுக்காக தன் கையிருப்பு பாஸ்பேட்ட ஒடச்சு வெளிய விடும், அடுத்த டேங்க்ல காத்து கெடைச்சதும் விட்டதுக்கு மேல அள்ளி வயித்துல கட்டிக்கும், அந்த நேரம் பாத்து அத சேறா வெளிய எடுத்துரணும். நல்லா ஓடுனா கெமிக்கல் செலவு மிச்சம். ஆனா எடுத்த சேத்த ரெண்டு நாளு டேங்க்ல சும்மா போட்டு வச்சா, காத்து இல்லாம அது திருப்பி பாஸ்பேட்டக் கக்கிரும், பில்டர் பிரஸ்ல பிழியும்போது அந்தத் தண்ணி மறுபடி பிளான்ட்டு தலைக்கே வரும். ஒரு வாரம் புடிச்சதெல்லாம் ஒரே நைட்ல திரும்ப வரும். பிழியற தண்ணிய யாரும் டெஸ்ட் பண்ண மாட்டாங்க, அங்கதான் சூட்சுமம்.

சட்டம் என்னன்னா, 2017ல மத்திய அரசு போட்ட எஸ்டிபி விதியில பாஸ்பரஸ் பேச்சே இல்ல. 2019ல பசுமைத் தீர்ப்பாயம் ஏரி குளத்துல விடற தண்ணிக்கு மொத்த பாஸ்பரஸ் 1 மி.கி. தாண்டக் கூடாதுன்னு சொல்லுச்சு. நாங்க ஆலம் ஊத்தற டோஸிங் பம்ப் கேட்டோம், அசோசியேஷன் மீட்டிங்ல நீச்சல் குளத்துக்கு டைல்ஸ் மாத்தறது முதல்லன்னு முடிவாச்சு. சேறு மூட்டை மூட்டையா வண்டியில போகுது, வண்டிக்காரர் எங்க கொட்றாருன்னு கேட்ட ஆளு இல்ல. ராஜகாலுவே (பெங்களூரு மழைநீர்க் கால்வாய்) ஓரத்துல கொட்டுனா ஒரு மழை போதும், உங்க வாய்க்காலுக்கு வந்துரும்.

---

ரொறன்ரோ_பெரியப்பா எழுதியது:

தம்பிமார், நான் ஒன்ராறியோவில முப்பது வருசத்துக்கு மேல இருக்கிறன், உங்கட பிரச்சினை எங்களுக்கும் இருந்தது, இப்பவும் இருக்குது, அதால ரெண்டு வார்த்தை.

பாசிக்கு உண்மையிலயே பாஸ்பரஸ்தான் காரணமோ எண்டு 60கள், 70களில இஞ்ச பெரிய சண்டை. சவர்க்காரக் கொம்பனிக்காரர் காபன்தான் காரணம் எண்டு நிண்டவை. அப்ப டேவிட் ஷிண்ட்லர் எண்ட விஞ்ஞானி ஒன்ராறியோவின்ர வடமேற்குப் பக்கம் 226 எண்டு நம்பர் போட்ட ஒரு சின்ன ஏரியை எடுத்து, நடுவில பிளாஸ்ரிக் திரை கட்டி ரெண்டாப் பிரிச்சவர். 1973ல ஒரு பக்கம் காபனும் நைதரசனும் மட்டும், மற்றப் பக்கம் அதோட பாஸ்பரசும். பாஸ்பரஸ் போட்ட பக்கம் பச்சையாப் போச்சு, மற்றப் பக்கம் தெளிவா இருந்தது. மேல இருந்து எடுத்த படம் ஒண்டு இருக்குது, அதைப் பார்த்தாப் பிறகு ஒருத்தரும் வாதாடேல.

ஈரி ஏரி செத்துப்போச்சு எண்டு பேப்பரில எழுதின காலம் அது. 1972ல கனடாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டு, சவர்க்காரத்தில பாஸ்பேட்டைக் குறைச்சு, பெரிய கழிவுநீர் நிலையங்கள் எல்லாத்துக்கும் 1 மி.கி. எண்டு கட்டி, பிறகு 1978ல வருசத்துக்கு 11,000 தொன்னுக்குள்ள வரவேணும் எண்டு இலக்கு வைச்சவை. 80களில ஏரி தெளிஞ்சிட்டுது. எல்லாரும் கை தட்டினம். 90களின்ர நடுவில திரும்பவும் பாசி. இந்த முறை சாக்கடை இல்லை, வயல். மௌமி எண்ட ஆறு ஓடுற ஒகாயோ பக்கம் சோளமும் சோயாவும், உழாமல் மேல தூவுற உரம் மேல்மண்ணிலயே நிண்டு, மழை வந்தாக் கரைஞ்சு நிலத்துக்குக் கீழ தாட்ட வடிகால் குழாயால ஆத்துக்குப் போகுது. 2014 ஓகஸ்ட்டில டொலீடோ நகரத்தில ஏறக்குறைய 5 லட்சம் சனம் ரெண்டு மூண்டு நாளைக்கு பைப் தண்ணி குடிக்கேலாது எண்டு சொல்லிப் போட்டாங்கள், பாசியின்ர நஞ்சு. அந்த நஞ்சு கொதிக்க வைச்சாலும் போகாது, தண்ணி வத்தி நஞ்சு இன்னும் செறிவாகும். உங்கட மாடு மூஞ்சியைத் திருப்புதெண்டால் மாட்டுக்கு விளங்கியிருக்கு, கட்டாயப்படுத்திக் குடிக்க வைக்காதேங்கோ.

2016ல திரும்ப இலக்கு வைச்சவை, 2008 அளவில இருந்து 40 வீதம் குறைக்க வேணும் எண்டு. சாக்கடையை அடைக்கிறது லேசு, குழாய் எங்க முடியுது எண்டு தெரியும். ஆயிரக்கணக்கான கமக்காரர் தூவுறதை அடைக்கிறது கஷ்டம், அதிலயும் இஞ்ச அது பெரும்பாலும் அவையவை விரும்பிச் செய்யிற திட்டம்தான், கட்டாயம் இல்லை. அக்கா சொன்ன ரெண்டு மூட்டைக் கதை உங்கட ஊரில மட்டும் இல்லை எண்டதைத்தான் சொல்ல வந்தன்.

---

நக்கல்_நடராசு எழுதியது:

பெரியப்பா சூப்பர். ஆனா ஒண்ணு, அவங்க கட்டுன 1 மி.கி. நம்ம ஊருக்குப் போதாது. ஏரி பச்சையாக 0.035 மி.கி. இருந்தாலே போதும்னு ஓஇசிடி (பணக்கார நாடுகளோட அமைப்பு) அளவு, 0.1 தாண்டுனா படு மோசம். ஈரி ஏரி கடல் மாதிரி, வர்ற சாக்கடை பல மடங்கு நல்ல தண்ணியில கலக்கும். தென்பெண்ணையில சித்திரை வைகாசியில ஓடறதே சாக்கடைதான், எதோட கலக்கும்? எஸ்டிபி எல்லாம் 1க்கு ஓடுனாலும் கெலவரப்பள்ளி பச்சையாத்தான் இருக்கும். பச்சை கொறையும், போகாது.

---

எஸ்டிபி_நைட்_ஷிப்ட் எழுதியது:

ஒத்துக்கறேன் நடராசு. அதனாலதான் தெளிவான தண்ணிய ஆத்துலயே விடாம நேரா வயலுக்குக் கொண்டு போனா நல்லதுன்னு எனக்குத் தோணும். பாஸ்பரஸ எடுக்கறதுக்கு காசு செலவு பண்ணி ஆலம் போட்டு, அந்த ஆலம் சேத்த எந்தப் பயிரும் லேசுல எடுக்காது, அப்புறம் மொராக்கோலேர்ந்து கப்பல்ல பாறை வாங்கி டிஏபி பண்ணி மறுபடி அதே ஜில்லாவுக்கு லாரியில அனுப்பறோம். உலகத்துல இருக்கற பாஸ்பேட் பாறையில சுமார் 70 சதவீதம் அந்த ஒரு நாட்டுக்கிட்ட. ஜெர்மனியில 2017லயே சட்டம் போட்டுட்டாங்க, பெரிய பிளான்ட்டெல்லாம் 2029லேர்ந்து சேத்துலேர்ந்து பாஸ்பரஸ திரும்ப எடுத்தே ஆகணும். நம்ம முசிறியிலயும் 2006 வாக்குல மூத்திரத்தையும் மலத்தையும் தனித்தனியா பிரிக்கற பொதுக் கழிப்பறை கட்டி, வந்து போறவங்களுக்கு காசு குடுத்தாங்க, ஆளுங்க சிரிச்சாங்க. மூத்திரத்துலதான் சரக்கே இருக்கு, அத முதல்லயே தனியா புடிச்சுட்டா பாதிப் பிரச்சினை இல்ல.

---

ஏரிக்கரை_மீன்குத்தகை எழுதியது:

அண்ணே ஏரி கேள்விக்கு யாருமே வரலையே. நான் ரெண்டு ஏரி மீன் குத்தகை எடுத்து ஓட்டறேன், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

ஆகாயத்தாமரை பாஸ்பரஸ எடுக்கும், அது சரி. ஆனா அதுல 95 சதவீதம் தண்ணி. ஒரு டன் வாரிப் போட்டா காஞ்சா 50 கிலோ, அதுல பாஸ்பரஸ் கால் கிலோ கூடத் தேறாது. இந்த எஸ்டிபி தம்பி சொன்ன கணக்குக்கு ஒரு ஆளு அரை வருஷம் பாத்ரூம் போறதுக்குச் சமம். உங்க ஊர்ல 2000 பேருன்னா வருஷத்துக்கு 4000 டன் வாரணும், எவன் வாருவான்? அதுலயும் வாரி கரை மேலயே போட்டீங்கன்னு சொல்றீங்க, அது அழுகி ஒரே மழையில சாறு பூரா ஏரிக்குள்ளயே எறங்கிருக்கும், ஜேசிபி வாடகைதான் மிச்சம். வாருனா அன்னிக்கே டிராக்டர்ல ஏத்தி வெளிய கொண்டு போய் சாணி கலந்து மக்க வைக்கணும். அதுவும் ஊருச் சாக்கடை மட்டும்னா பரவால்ல, பட்டறை, சாயம், முலாம் பூசற யூனிட் கழிவு கலந்திருந்தா காய்கறிக்குப் போடாதீங்க.

மீன் பரவால்ல. ஒரு டன் மீன் புடிச்சா நாலஞ்சு கிலோ பாஸ்பரஸ் ஏரியை விட்டு வெளிய போகுது, முள்ளு செதிலு எல்லாம் அதுதான. தாமரையை விட டன்னுக்கு இருபது மடங்கு, காசும் வருது. ஆனா எல்லா மீனும் இல்ல, சாதாக் கெண்டை அடிச் சேத்தக் கெளறிக்கிட்டே இருக்கும், சேத்துல படிஞ்சத மேல கொண்டு வந்துரும். வெள்ளிக் கெண்டை, கட்லா விடலாம். தாமரை மூடி இருக்கறப்ப மீன் பேச்சே எடுக்காதீங்க, விடியக்காலையில ஆக்சிஜன் இல்லாம மொத்தமா மிதக்கும்.

பெரிய சரக்கு இருக்கறது அடியில, வண்டல்ல. நம்ம பெரியவங்க கோடையில ஏரி வத்துனா வண்டி கட்டி வண்டல அடிச்சு வயல்ல போட்டாங்கல்ல, ஏரிக்கு ஓடிப்போன சத்த திருப்பி எடுத்து வந்த வேலை அது. டிஏபி மூட்டை வந்தப்புறம் விட்டுட்டோம். இப்ப தாசில்தார் அனுமதி வாங்குனா வண்டல் இலவசமாவே எடுத்துக்கலாம், 2024ல சுலபமாக்கிட்டாங்க. நீங்க பஞ்சாயத்துல பேசுனா அந்த உருண்டைக்கு ஒதுக்கற காசை வாய்க்கா வாயில செலவு பண்ணச் சொல்லுங்க: சாக்கடை ஏரிக்குள்ள விழற எடத்துக்கு முன்னாடி ஒரு குழி, அதுல சேறு தங்கணும், வருஷா வருஷம் தூர் வாரணும், அதுக்கு அடுத்து ஒரு சின்ன நாணல் படுகை, சம்பு, கல்வாழை இந்த மாதிரி. அதையும் வருஷத்துக்கு ஒரு தரம் அறுத்து வெளிய கொண்டு போகணும், அறுக்காம விட்டா அதுவே மக்கி திருப்பிக் குடுத்துரும். சாக்கடைய நிறுத்தாம மத்ததெல்லாம் பண்றது பைப்ப தொறந்து வச்சுட்டு தொட்டிய எறைக்கற கதை.

---

தென்பெண்ணை_ஓரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. எஸ்டிபி தம்பி, அடிக்கல, அடுத்த மீட்டிங்ல டைல்ஸுக்கு முன்னாடி பம்ப்பக் கேளுங்க அவ்வளவுதான். குழியும் நாணலும் பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட சொல்லிட்டேன், உருண்டைக்காரர் அவருக்கு சொந்தமாம், அதனால பேச்சு கொஞ்சம் இழுத்துக்கிட்டுத்தான் போகும்.

அக்கா, தண்ணி டெஸ்ட் குடுக்கப் போறேன். தனியார் லேப்ல பாஸ்பேட்டுன்னு ஒண்ணு, மொத்த பாஸ்பரஸ்னு ஒண்ணு, ரெண்டு ரேட்டு சொல்றாங்க. எது குடுக்கட்டும்? பாட்டில் எப்படி புடிக்கணும்?

---

மண்பரிசோதனை_அக்கா எழுதியது:

மொத்த பாஸ்பரஸ் குடுங்க தம்பி. பச்சைத் தண்ணியில பெரும்பங்கு பாசி உடம்புக்குள்ளயே இருக்கலாம், கரைஞ்ச பாஸ்பேட்ட மட்டும் பாத்தா கம்மியா காட்டி ஏமாத்தும். அந்தப் பாசி வயல்ல செத்து மக்குனா அதுவும் உங்க பயிருக்குத்தான்.

ரிப்போர்ட் வந்ததும் நம்பரப் பாக்கறதுக்கு முன்னாடி எந்தக் கணக்குல போட்டிருக்காங்கன்னு பாருங்க. பாஸ்பேட்டா 3ன்னு போட்டிருந்தா பாஸ்பரஸா அது 1தான், மூணால வகுக்கணும். இது தெரியாம மூணு மில்லிகிராம் இருக்குன்னு டிஏபியை மொத்தமா நிறுத்தி வெளைச்சல விட்டவங்க உண்டு. போன்ல கேட்டு வச்சுக்கோங்க.

பாட்டில சோப்புத் தூள் போட்டுக் கழுவாதீங்க, அதுல பாஸ்பேட் இருந்தா அதையும் சேத்து அளந்து குடுப்பாங்க. புது பாட்டில எடுத்து அதே வாய்க்காத் தண்ணியில மூணு தடவை அலசிட்டு, மடையில ஓடற தண்ணிய நடுவுல புடிங்க, ஓரத்துல கட்டி நிக்கற படலத்த அள்ளாதீங்க. ஷட்டர் தெறந்த முதல் நாளு புடிச்சா கால்வாயில தேங்குன பழைய தண்ணிதான் வரும், ரெண்டு மூணு நாளு ஓடுனப்புறம் ஒரு தடவை, மழை பேஞ்சு தண்ணி ஏறுனப்ப ஒரு தடவை. புடிச்சவுடனே ஐஸ் பெட்டியில வச்சு அன்னிக்கே சேத்துருங்க. அமோனியாவும் உப்பு அளவக் காட்டற இசியும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க, மண்ணு ரிப்போர்ட்டோட இங்கயே போடுங்க, அடியுரம் எவ்வளவுன்னு கணக்கு போட்டுச் சொல்றேன். பெரியவருக்கு நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, ஆபீஸ்ல சொன்னாங்கன்னு சொல்லுங்க.